விளையாட்டு மடிக்கணினி: வாங்கலாமா, வேண்டாமா?



அண்மையில் ஒரு சனிக்கிழமை, புறப்பாட நடவடிக்கைகள் முடிந்து நான் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு தாயார் பள்ளி வாசலில் காத்திருந்தார். அவருடைய மகன் ஆறு ஆண்டுகள் நம் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். அந்த அம்மையார் பத்து பெரெண்டாம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் முறை வேலை செய்கிறார். குடியிருப்பது இன்னும் அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்து வீட்டில்தான். எஸ்.பி.எம். முடித்த மகனுக்குப் பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்னார். பிறகு, சற்றே தயங்கி, வந்த காரியத்தைச் சொன்னார்.

"சார், பையன் கேமிங் லேப்டாப் கேக்குறான். நாலாயிரம் வெள்ளியாம். கடையில மாசத் தவணைக்குத் தர்றேங்குறாங்க. வாங்கிக் கொடுக்கலாமா, வேணாமா? நீங்கதான் சார் சொல்லணும்."

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால் என்று எங்கே பழைய மாணவர்களின் பெற்றோரைச் சந்தித்தாலும், எஸ்.பி.எம். முடிவுகள் வந்த பிறகு இதே கேள்விதான். ஆனால், இம்முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. "இரண்டு நாள் கொடுங்கம்மா, பையனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு யோசிக்காமல் நான் சொன்ன பதில் ஒரு குடும்பத்திற்கு இழப்பை உண்டாக்கியது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

நான் செய்த தவறு

அப்போது கேட்டவர் ஒரு தகப்பனார். மகன் அசைவூட்டமும் பல்லூடகமும் கற்பிக்கும் படிப்பில் சேரவிருந்தான். அவன் கேட்டதும் விளையாட்டு மடிக்கணினிதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிக்கப் போகிறானா, விளையாடப் போகிறானா? சாதாரண மடிக்கணினி போதும்" என்றேன். ஆசிரியர் சொல்லிவிட்டாரே என்று அந்தத் தகப்பனாரும் ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

முதல் பருவம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் பருவத்தில் முப்பரிமாண உருவங்களைச் செய்யும் பாடம் வந்தது. நண்பனின் கணினியில் பத்து நிமிடங்களில் முடியும் வேலை இவனுடைய கணினியில் ஒரு மணி நேரம் எடுத்தது. பாதியில் நின்றும் போனது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் அறைக்குத் திரும்பிய பின் கல்லூரியின் கணினிக்கூடத்தில் இடம் பிடித்து, கதவு பூட்டும் வரை உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான். அதை அவன் வீட்டில் சொல்லவேயில்லை. சொன்னால் வாத்தியாரைக் குறை சொன்னது போலாகிவிடும் என்று நினைத்தானாம். இறுதியில் இரண்டாவது கணினி வாங்க வேண்டியதாயிற்று. ஒன்றுக்குச் செலவிட்டிருக்க வேண்டிய குடும்பம் இரண்டுக்குச் செலவிட்டது.

'கேமிங்' என்ற ஒரு சொல்லின் மேல் எனக்கிருந்த வெறுப்புக்கு அந்தக் குடும்பம் விலை கொடுத்தது. நம் ஆசிரியர் அறைகளில் இன்றும் அந்த வெறுப்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நிற்க. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நான்காம் படிவ மாணவன் ஒருவனுக்கு ஐயாயிரம் வெள்ளி மதிப்புள்ள விளையாட்டுக் கணினியைத் தவணையில் வாங்கிக் கொடுத்த குடும்பத்தையும் நான் அறிவேன். அவன் விளையாடும் ஒரே விளையாட்டு கைப்பேசியில் ஓடும் மொபைல் லெஜண்ட்ஸ்! அதற்கு மடிக்கணினியே வேண்டியதில்லை. பிள்ளை கேட்டான் என்பதற்காக வாங்குவதும், பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக மறுப்பதும் எதையும் ஆராயாமல் செய்யும் ஒரே வகைத் தவறுதான்.

அது என்ன கணினி?

கடை விளம்பரங்களில் சிவப்பும் நீலமுமாக விளக்கெரியும் விசைப்பலகையைப் பார்த்துவிட்டு, இது பொழுதுபோக்குப் பொருள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் விளையாட்டு மடிக்கணினிக்கும் சாதாரண மடிக்கணினிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஒன்றுதான். படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு வரைகலைச் சில்லு அதற்குள் இருக்கிறது. அந்தச் சில்லுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவை. அதனால் வெப்பம் மிகுதி. வெப்பத்தை வெளியேற்றப் பெரிய காற்றாடிகள். அவற்றைத் தாங்கப் பருத்த உடல். எடையும் இரண்டு கிலோவைத் தாண்டும். மற்றவையெல்லாம் அலங்காரம்.

அதே சில்லுதான் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் வரைவு மென்பொருள்களுக்கும், பிளெண்டர் போன்ற அசைவூட்ட மென்பொருள்களுக்கும், காணொளித் தொகுப்புக்கும் கைகொடுக்கிறது. அத்தகைய பணிகளுக்கென்றே தனியாக விற்கப்படும் கணினிகளின் விலை நம்மால் எட்ட முடியாதது. ஆகவே, பொறியியல் மாணவனுக்கும் அசைவூட்ட மாணவனுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் வலுவான கருவி பல வேளைகளில் இந்த விளையாட்டு மடிக்கணினியாகவே அமைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். நம் மலாக்காவில், டுரியான் துங்காலில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுடெமில், கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்திற்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1996-இல் டெலிகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் மலாக்காவில் தொடங்கப்பட்டதுதான் அது. 2019-இல் பிலிப்பீன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. நம் வீட்டு வாசலிலேயே ஒரு தொழில் வளர்ந்துகொண்டிருக்கும்போது, அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பது நமக்கு நல்லதன்று.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"எந்தக் கணினி நல்லது?" என்பதற்கு முன்னால் "என்ன படிக்கப் போகிறான்?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியே பாதி வீடுகளின் செலவைக் குறைத்துவிடுகிறது.

கணக்கியல், வணிகம், சட்டம், கல்வியியல், தாதிமை போன்ற துறைகளுக்குச் செல்பவர்களுக்கும், ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேசன் செல்பவர்களுக்கும் தனி வரைகலைச் சில்லு தேவையில்லை. கட்டுரை எழுத, கணக்கிட, இணையத்தில் தேட, வகுப்பில் இணைய எளிய மடிக்கணினி போதும். கணினி அறிவியல் மாணவர்களுக்குக்கூட நிரல் எழுதுவதற்கு நல்ல செயலகமும் போதிய நினைவகமும்தான் முக்கியம். கணினி விளையாட்டு உருவாக்கம், செயற்கை நுண்ணறிவு போன்ற பிரிவுகளை எடுத்தால் மட்டுமே வரைகலைச் சில்லு உதவும். இயந்திரவியல், கட்டடக்கலை, அசைவூட்டம், காணொளித் தயாரிப்பு ஆகிய துறைகளுக்கு அது உண்மையிலேயே தேவை.

"படிப்புக்குத் தேவையில்லை, ஆனால் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் விளையாட ஆசைப்படுகிறான்" என்றால் அதற்கும் வழியுண்டு. அண்மைக் காலச் செயலகங்களிலேயே ஓரளவு வலுவான வரைகலைத் திறன் உள்ளடங்கியிருக்கிறது. ஏ.எம்.டி.யின் ரேடியான் 680எம், 780எம், இன்டெலின் ஆர்க் ஆகியவை அத்தகையவை. டோட்டா 2, வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றை நடுத்தரத் தரத்தில் அவற்றிலேயே விளையாடலாம். எடையும் குறைவு, மின்கலமும் நீண்ட நேரம் தாங்கும்.

கல்வி நிலையத்தின் சலுகைக் கடிதத்தோடு பல வேளைகளில் தேவையான கணினியின் தரவிவரமும் வரும். வராவிட்டால் துறை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். ஓர் அழைப்புதான். அதைச் செய்யாமல் கடைக்காரரிடம் போய், "பையன் பொறியியல் படிக்கப் போகிறான், நல்லதாகக் கொடுங்கள்" என்று சொன்னால், அவர் எதை விற்க வேண்டுமோ அதைத்தான் கொடுப்பார்.

கடையில் பார்க்க வேண்டியவை

தேவை என்று உறுதியாகிவிட்டதா? இனி, விலை அட்டையில் பெரிய எழுத்தில் இல்லாதவற்றைப் பார்க்கப் பழகுவோம்.

முதலாவது, வரைகலைச் சில்லு. மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3050, 4050, 4060, 5050 ஆகிய வரிசைகள். 3050-இல் நான்கு கிகாபைட் நினைவகம் உடையதும் ஆறு கிகாபைட் உடையதும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். முடிந்தவரை ஆறாக இருக்கட்டும். 4050-இல் ஆறு, 4060-இலும் 5050-இலும் எட்டு.

இரண்டாவது, வாட் அளவு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே 4060 என்ற பெயருள்ள சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் இயங்கும்படி தயாரிப்பாளர் அமைக்கலாம். குறைந்த வாட்டில் கட்டிப்போடப்பட்ட 4060, முழு வாட்டில் ஓடும் 4050-யிடம் தோற்றுப் போகவும் கூடும். டி.ஜி.பி. என்று குறிக்கப்படும் இந்த எண்ணைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த மாதிரியின் முழு எண்ணை இட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, மையச் செயலகம். எண்ணின் இறுதியில் வரும் எழுத்துக்குப் பொருள் உண்டு. யு என்று முடிந்தால் மின்சிக்கனம், எச் என்று முடிந்தால் வலு. ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2 என்றால் பழைய கட்டமைப்பு, 4 என்றால் புதியது. ஏழாயிரத்தில் தொடங்குவதால் மட்டும் எல்லாம் புதிதாகிவிடாது.

நான்காவது, ரேம் நினைவகம். பதினாறு கிகாபைட் வேண்டும். பல மலிவு மாதிரிகளில் எட்டு கிகாபைட் கொண்ட ஒற்றை அட்டையை மட்டும் செருகி விற்கிறார்கள். இரண்டு அட்டைகள் இணையாக இருந்தால்தான் கணினி முழு வேகத்தில் ஓடும். காலியான இடைவெளி இருக்கிறதா, பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவக விலை உலகெங்கும் உயரத் தொடங்கியது. ஆகவே, "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்பது எப்போதும் மலிவான வழியாக இராது.

ஐந்தாவது, சேமிப்பகம். எஸ்.எஸ்.டி. வகையில் 512 கிகாபைட்டாவது இருக்கட்டும். இன்றைய பெரிய விளையாட்டுகளில் ஒன்றே நூறு கிகாபைட்டை விழுங்கிவிடுகிறது. அதற்குமேல் வேண்டுமென்றால் பின்னர் கூட்டலாம்.

ஆறாவது, திரை. 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வண்ணத்தின் தரம் சிறிய எழுத்தில் இருக்கும். 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்றிருந்தால் வண்ணங்கள் வெளுத்துத் தெரியும். விளையாட்டுக்குப் பரவாயில்லை. அசைவூட்டமும் வடிவமைப்பும் படிப்பவனுக்கு அது பெருங்குறை. அவன் 100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி. என்றுள்ள திரையைத் தேட வேண்டும்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். தனி வரைகலைச் சில்லு உள்ள கணினி, மின்கலத்தில் ஓடும்போது தன் முழு வலுவைக் காட்டாது. மின்னேற்றியைக் கூடவே சுமக்க வேண்டும். விரிவுரை மண்டபத்தில் நான்கு மணி நேரம் குறிப்பெடுக்க இது ஏற்றதன்று என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ் தட்டெழுத முடியுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். மகிழ்ச்சியான கேள்வி. விண்டோஸ் 11-இல் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களும் உள்ளடங்கியே வருகின்றன. தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

இதுதான் உண்மையான சிக்கல். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தனி வரைகலைச் சில்லுள்ள புதிய மடிக்கணினியின் விலையோ மூவாயிரம் வெள்ளியை ஒட்டி நிற்கிறது. அதாவது, ஒரு தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளம், சோறு தண்ணீர் இல்லாமல்.

ஆகவேதான் மாதத் தவணை இனிக்கிறது. "மாதம் நூற்று ஐம்பதுதானே" என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 3,500 வெள்ளி. மாதம் ஒன்றரை விழுக்காடு நிலையான வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 1,890 வெள்ளி. மொத்தம் கட்டுவது 5,390 வெள்ளி. நாம் ஒவ்வொரு மாதமும் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடாகிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் கணினி பழையதாகிவிடும், தவணை மட்டும் புதிதாகவே இருக்கும். தவணையில் கையெழுத்திடுவதற்கு முன் மாதத் தொகையை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவன் செய்யும் கணக்குதான் அது.

மாற்று வழிகள் என்ன? எஸ்.பி.எம். முடிந்து கல்லூரி தொடங்கும் வரை சில மாதங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பிள்ளை வேலைக்குப் போய் ஒரு பங்கைச் சேர்க்கட்டும். தன் வியர்வை கலந்த பொருளை எவனும் கட்டிலில் வீசமாட்டான். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவதாக நெகிழ்வுக் கணக்கு ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். ஆனால், அது நம் முதுமைக்கான பணம் என்பதை மறக்கலாகாது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கணினி வாங்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க இடமளித்தார்கள். அன்று வாங்கிய கணினிகள் பல வீடுகளின் வரவேற்பறையில் பூப்போட்ட துணி போர்த்தியபடி பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வருமான வரி கட்டும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரை வரிவிலக்கில் கணினியும் அடங்கும். தனக்கோ, துணைவருக்கோ, பிள்ளைக்கோ வாங்கியிருக்க வேண்டும். இரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏழாண்டு பத்திரப்படுத்துங்கள். தாய்மாமன் வாங்கிக் கொடுத்தால் அவரால் இந்த விலக்கைக் கோர முடியாது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பத்திற்கு இச்சலுகையால் ஒரு காசும் பயனில்லை. உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத் தொடாமலேயே அது கடந்து போகிறது என்ற வருத்தம் எனக்குண்டு.

பழைய கணினியை வாங்கலாமா? வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமானால் இன்டெல் செயலகம் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். அரைமணி நேரம் கனமான நிரல் ஒன்றை ஓடவிட்டு, வெப்பத்தையும் காற்றாடியின் ஓசையையும் கவனியுங்கள். மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கடையில் வாங்கிய பொருள் பழுதாகி, விற்றவர் கைவிரித்தால் அழுதுகொண்டிருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை முன்வைக்கலாம். அதற்கு இரசீது வேண்டும். தனியாளிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இந்த வழி பயன்படாது. பத்து, ஐம்பது மிச்சமென்று இரசீது இல்லாமல் வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு என்ன வாங்கினீர்கள்?

சொல்லக் கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் மடிக்கணினி பற்றிக் கேட்டு வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் மகனுக்காக வருகிறார்கள். ஒரு வீட்டில் தம்பிக்கு நாலாயிரம் வெள்ளிக் கணினி. அவனைவிட நன்றாகத் தேறிய அக்காள் தன் பட்டப்படிப்பின் முதல் ஆண்டு முழுவதையும் கைப்பேசியில் கட்டுரை தட்டியே முடித்தவள். "அவள் கேட்கவேயில்லை சார்" என்றார் தகப்பனார். உண்மைதான், அவள் கேட்கவில்லை. வீட்டு நிலைமை அறிந்த பிள்ளை கேட்காது. உரக்கக் கேட்பவனுக்கு மட்டும் கொடுப்பது நியாயமா என்று பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, தோட்டத்து வீடுகளில் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியில் பாடம் படித்ததை நாம் பார்த்தோம். அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பாடம். அந்தக் காலத்தின் பாடத்தை நாம் இவ்வளவு விரைவில் மறந்துவிடலாகாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் உயர்கல்வி பயில்கிறார்கள் என்றால், ஒரு விலையுயர்ந்த கணினியைவிட இரண்டு எளிய கணினிகளே நீதி.

வாங்கிய பிறகு

நம் ஊர் வெப்பத்தில் இக்கணினிகளை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து இயக்கக் கூடாது. பின்புறத்தை இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காற்றாடித் தூசியைத் துப்புரவு செய்யுங்கள். இடி இடிக்கும்போது மின்னேற்றியைக் கழற்றிவிடுங்கள்.

விளையாட்டுக்கு நேரம் குறிப்பதைப் பெற்றோரும் பிள்ளையும் கணினி வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வாங்கிய பிறகு போடும் சட்டம் சண்டையில்தான் முடியும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளையாக இருந்தால் கணினி கூடத்தில் இருக்கட்டும், அறைக்குள் வேண்டாம்.

பள்ளிகள் செய்யக்கூடியது

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்தத் தாயார் கடைக்குப் போவதற்கு முன் பழைய பள்ளியின் வாசலுக்கு வந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் உயர்கல்வி இடங்கள் அறிவிக்கப்படும் காலத்தில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாட்டில் பள்ளி மண்டபத்திலோ ஆலய மண்டபத்திலோ ஒரு ஞாயிறு காலை கூடலாம். அவ்வட்டாரத்துப் பழைய மாணவர்களில் பொறியியலும் கணினியும் படித்தவர்களை அழைத்தால் மறுக்காமல் வருவார்கள். யாருக்கு எது தேவை என்று அவர்கள் சொல்லட்டும். படிப்பை முடித்தவர்கள் தங்கள் பழைய கணினியை அடுத்தவருக்குக் குறைந்த விலையில் மாற்றிக் கொடுக்கவும் அது வழியாகும். திருவிழாவுக்கு நாம் சேர்க்கும் நிதியில் சிறு பகுதியை ஒதுக்கினால், ஏழை மாணவர்களுக்கு வட்டியில்லாக் கைமாற்று கொடுக்கும் நிதியொன்றை உருவாக்க முடியாதா? தொகை சிறியதாக இருக்கலாம். அந்த 1,890 வெள்ளி வட்டி ஒரு குடும்பத்திற்கு மிச்சமானாலே பெரிது.

அந்தத் தாயார் சொன்னபடி மகனோடு வந்தார். பையனிடம் என்ன படிக்கப் போகிறாய், எந்த மென்பொருள், என்ன விளையாடுவாய் என்று கேட்டேன். பதில்கள் தெளிவாக இருந்தன. துறை அலுவலகத்தை அவனே அழைத்துக் கேட்டு வைத்திருந்தான். நாலாயிரம் வெள்ளிக் கணினியின் தேவை அவனுக்கில்லை என்பதை மூவரும் உட்கார்ந்து பார்த்தபோது அவனே ஒப்புக்கொண்டான். ஆறு கிகாபைட் 3050 சில்லும் பதினாறு கிகாபைட் ரேமும் உள்ள ஒன்றை 2,999 வெள்ளிக்குத் தேர்ந்தெடுத்தோம். எண்ணெய் நிலையத்தில் வேலை செய்து அவன் சேர்த்தது 1,500. தாயார் சேமநிதியிலிருந்து எடுத்தது 1,000. மீதி 499 தாய்மாமன் கொடுத்தார். தவணை இல்லை.

புறப்படும்போது அந்த அம்மையார் மெதுவாகக் கேட்டார். "இதுல விளையாடுவானா சார்?"

"விளையாடுவான்மா. படிக்கவும் செய்வான்" என்றேன். பையன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான்.